கைதேர்ந்த புருஷன்

அந்த ஆளைப் பார்த்ததிலிருந்தே நர்ஸுக்கு ஏதோ இடித்தது.

பிரசவ அறைக்கு வரும் புருஷன்மார் பொதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவரோ, மனைவியின் இடுப்பைச் சரியான இடத்தில் அழுத்திவிட்டபடி, "மூச்சை அடக்காதே, ஊதி ஊதி விடு" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பழக்கம் போலிருக்கே?" என்றாள் நர்ஸ்.

"மூத்தவ பிறந்தப்பவும் நான்தானே கூட இருந்தேன்!" பெருமை தாங்கவில்லை அவருக்கு.

நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். மூத்தவளுக்கு நாலு வயசு. இவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷம். மூத்தவளின் அப்பா, அவள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே இறந்துபோயிருக்கிறார்.

அடப்பாவி! அவன் போன ஒரே மாசத்தில் இந்த ஆள் பிரசவத்துக்கு வந்து நின்றானா? அப்படியென்றால் பழக்கம் எப்போதிலிருந்து?

கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் குனிந்தாள்.

"ஏம்மா, மூத்தவ பிறக்கறதுக்கு முன்னாடியே இவரைத் தெரியுமா?"

"தெரியுமே, ஒரு கால் மணி நேரமா." வலிக்கு நடுவிலும் அவள் சிரித்தாள். "வலி எடுத்ததும் இவரு டாக்ஸியிலதான் ஏறினேன். பாதி வழியில டிராஃபிக். பின் சீட்டுலயே பிறந்துட்டா. போன்ல டாக்டர் சொல்லச் சொல்ல, இவருதான் கையில ஏந்தினாரு."

அடுத்த வலி வருவதற்குள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தடவைதான் சிஸ்டர், ஒழுங்கா ஆஸ்பத்திரியில கொண்டுவந்து சேர்த்திருக்காரு!"