ஒரு படம் அதிகம்

ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் போதும் என்றார் கடையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான்கு டெராபைட்டாகவே வாங்கலாம் என்றாள் மனைவி.

"இருக்கிற படத்துக்கு ஒண்ணே தாராளம். இனி எவ்வளவு எடுத்துடப் போறோம்?"

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அப்படித்தான். ஒரு வருஷம் உழைக்கிற செருப்பே போதும் என்பார். ஒரு டெராபைட்டையே வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அவரே கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து புதிய டிஸ்க்கைப் பொருத்தினார். படங்கள் நகலாகி முடிய மதியமாகிவிட்டது. பழையதில் 9,412 படங்கள் இருந்தன. புதியதில் 9,413 இருந்தன.

"என்னங்க, வாத்தியார் கணக்கே உதைக்குதே?" என்று சிரித்தாள்.

அவர் மறுபடி சரிபார்த்தார். எண் மாறவில்லை. கடைசிப் படத்தைத் திறந்தார்.

இதே அறை, இதே மேசை. இருவருக்கும் தலை பஞ்சாய் நரைத்திருந்தது. அவர் பொக்கை வாயைத் திறந்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி திரையருகே குனிந்தாள்.

"இந்தப் பச்சைச் சட்டை உங்ககிட்ட இல்லையே."

"இல்லதான்." அவர் தன் பற்களை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன.

சாயங்காலம் மறுபடி கடைக்குப் போய் நான்கு டெராபைட் டிஸ்க் கேட்டார்.

"காலையிலதானே சார் ஒண்ணு வாங்கினீங்க? அவ்வளவு படமா வெச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"இனிமேதான் எடுக்கணும்," என்றார் வாத்தியார். "பக்கத்துல நல்ல துணிக்கடை எது?"