ஸ்பீடு பிரேக்கர் வந்தா என்டர்

"அக்கிரமத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

பால்கனியில் துணி காயப்போட்டபடியே கேட்டாள் சத்யபிரியா. கணவன் ஹரிபிரசாத் காதில் ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான்.

கீழே, கிரவுண்ட் ஃப்ளோர் ஜாய்சன் தன் மாமியாரைப் பழைய காரின் முன் சீட்டில் உட்கார வைத்தான். அவர் மடியில் ஒரு லேப்டாப்பை வைத்தான். இரண்டுக்கும் சேர்த்து சீட் பெல்ட் போட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து ஒரு ஒயரை இழுத்து லேப்டாப்பில் செருகினான்.

பொங்கல் முடிந்த கையோடு அவன் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அதில் இவனுக்கும் வேலை போயிற்று. வேறு வேலை தேடுவதுதானே? துரை, லினக்ஸ் வைத்து கார் இன்ஜினை ட்யூன் பண்ணக் கிளம்பிவிட்டார். அதற்கு இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை வேறு!

"அதென்னப்பா லினக்ஸ்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஃப்ரீயா கிடைக்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம்க்கா. யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா மாத்தலாம். இன்ஜின் எப்படி ஓடுதுன்னு எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கும்."

ஓசியில் கிடைத்தால் இப்படித்தான் மாமியார் மடியில் வந்து உட்காரும் என்று நினைத்துக்கொண்டாள்.

லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஓகே, ஓகே என்று வரிசையாக எழுத்து ஓடியது. மாமியார் ஹில்டா டீச்சர் ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியாரம்மா. விடைத்தாள் மாதிரி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, எல்லாரும் பாஸ். ஒண்ணு மட்டும் ஃபெயில்."

"அது ப்ளூடூத் அத்தை. அது எப்பவும் ஃபெயில்தான்."

"கண்டிச்சு வை."

கார் இருமிக்கொண்டே கிளம்பியது. சத்யபிரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கோவிலம்பாக்கத்தில் மளிகை வாங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பாள்.

கீழ்க்கட்டளை தாண்டியதும் முன்னால் போன காரில் கூத்து ஆரம்பித்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ஜாய்சன் கத்தினான். "அத்தை, என்டர்!"

"என்டர்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, டீச்சர் படாரென்று ஒரு தட்டு தட்டினார்.

ஒரு டீக்கடை வாசல் பள்ளத்தில் கார் இறங்கி, இன்ஜின் நின்றுபோனது. டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"ரோடு சர்வேவா மேடம்? எங்க கடையாண்ட கீற இந்தப் பள்ளத்தையும் சேத்துக்கோங்க. மய பேஞ்சா படகுதான் வுடணும்."

டீச்சர் அசரவில்லை. "ஆழம் எவ்வளவு?"

கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிக் காட்டினார். "முட்டி வரிக்கும் மேடம்."

"என்டர்!"

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. "எங்க தெருவுல லைட் எரியல மேடம்." என்டர். "குப்பை வண்டி வர்றதில்ல மேடம்." என்டர். கூடையோடு நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்து, "எம் புருஷன் ஒயுங்கா வூட்டுக்கே வர்றதில்ல மேடம்" என்றாள். டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதற்கு இரண்டு முறை என்டர் தட்டினார்.

சத்யபிரியாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெரிய மனுஷியை நடுத்தெருவில் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டானே பாவி! ஸ்கூட்டரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துகொண்டிருந்த ஜாய்சனை மரத்தடிக்கு இழுத்தாள்.

"உன்னைப் பெத்த அம்மாவா இருந்தா இப்படிப் பண்ணுவியா? ஹெப்சிகிட்ட சொல்றேன். இன்னையோட நிக்கணும் இந்தக் கூத்து!"

ஹெப்சி, அவன் மனைவி. குரோம்பேட்டையில் வேலை. சத்யபிரியா அவளுக்குப் போன் போட்டேவிட்டாள்; மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ப்ளீஸ், மெதுவா பேசுங்க!" ஜாய்சன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அந்த என்டருக்கு ஒரு வேலையும் கிடையாதுக்கா. எல்லாத்தையும் லேப்டாப் தானா பதிஞ்சுக்கும்."

"அப்புறம் எதுக்குடா அவங்க?"

"மாமா தவறினதுக்கப்புறம் அத்தை ரூமை விட்டு வெளிய வரல. சர்ச்சுக்குக்கூட வரல. ஹெப்சி அழுதுகூடப் பார்த்துட்டா. 'ஆள் இல்லாம என் வேலை நிக்குது அத்தை'ன்னேன். உடனே செருப்பை மாட்டிட்டு வந்துட்டாங்க. இதை நிறுத்தினா மறுபடி கதவைச் சாத்திப்பாங்கக்கா."

போனில், "சொல்லுங்கக்கா" என்றாள் ஹெப்சி.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்." சத்யபிரியா போனை வைத்தாள். இந்தப் பிள்ளையைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

ஜாய்சன் டீ வாங்கப் போனான். அவள் கார் ஜன்னலில் குனிந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"டீச்சர், நீங்க என்டர் தட்டலைன்னா இந்த இன்ஜினே ஓடாதாமே!"

ஹில்டா டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"நீயும் அவன்கூட சேர்ந்துட்டியா? போன வாரம் ஒருநாள் பூரா நான் வாயாலதான் என்டர் சொன்னேன். தட்டவே இல்ல. வீட்டுக்கு வந்து, 'சூப்பர் ரீடிங் அத்தை'ங்கிறான். யாருகிட்ட? காலமெல்லாம் பேப்பர் திருத்தினவகிட்ட!"

"ஐயோ, தெரிஞ்சுமா இந்த வெயில்ல வர்றீங்க?"

இரண்டு கையிலும் டீயோடு ஜாய்சன் வந்துகொண்டிருந்தான். டீச்சர் அவசரமாக விரலை என்டர் மேல் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதே. வேலை போனதுலேர்ந்து, என்னைக் கூட்டிட்டுப் போகணுமேன்னுதான் அந்தப் புள்ள குளிக்கவே குளிக்குது."