பதினைந்தாவது உண்ணி

குளத்தங்கரையில் ஓர் எருமை இருந்தது. நான்கு மழைக்காலமாக அதன் முதுகில் ஒரே கொக்குதான் உட்கார்ந்து உண்ணி பொறுக்கி வந்தது. ஒரு நாள் அந்தக் கொக்கு பக்கத்திலிருந்த கூழைவால் எருமையின் முதுகில் உட்கார்ந்திருந்தது. எருமை பார்த்ததோடு விடவில்லை, எண்ணியும் வைத்தது. கூழைவாலிடம் கொக்கு பொறுக்கியது பதினான்கு உண்ணி. தன்னிடம் அன்று ஒன்பதுதான்.

"இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. என் பக்கம் வராதே" என்றது எருமை.

"சரிக்கா" என்ற கொக்கு, மறுநாள் காலையில் வழக்கம்போல் முதுகில் வந்து இறங்கியது. "கொஞ்சம் காதை மடக்குங்கக்கா."

எருமை வாலால் அடித்தது. கொக்கு தள்ளி உட்கார்ந்துகொண்டது. எருமை நீரில் அமிழ்ந்தது. கொக்கு கொம்பில் ஏறி நின்று, தண்ணீர் குளிர்கிறதா என்று விசாரித்தது.

மூன்றாம் நாள் எருமை சேற்றில் புரண்டு, ஓர் உண்ணிகூட வெளியே தெரியாதபடி உடம்பெல்லாம் அப்பிக்கொண்டது.

"இன்னிக்கு உங்ககிட்ட வேலை இல்லை போலிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கொக்கு நேரே கூழைவாலிடம் போயிற்று.

சேறு வெயிலில் காய்ந்து இறுகியது. அங்கே கூழைவால் சுகமாகக் கண் செருகி நின்ற நிற்பை எருமையால் பொறுக்க முடியவில்லை. குளத்தில் இறங்கி, வாலிலிருந்து காதுவரை கழுவிக்கொண்டு, கொக்கின் பார்வை படும் இடமாகத் தேடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

கொக்கு வந்து இறங்கியது. "குளிச்சாச்சாக்கா?"

"உன்கூடப் பேச மாட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க" என்று கொக்கு காதிலிருந்து தொடங்கியது.

எருமை மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே, பதினைந்து ஆகும்வரை அசையாமல் நின்றது.