ஆறு பூட்டுக்கு ஒரு சாவி

“ஒளிவு மறைவு இருந்தா அது வீடு இல்லப்பா, லாட்ஜ்!”

பூட்டு ரிப்பேர் செய்யும் சுருளியாண்டியிடம் நல்லகண்ணு இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் எதையும் மூன்று பிரதிகளில் கேட்டு வாங்கியவர். பழக்கம் விடவில்லை.

அல்லிநகரத்தில் அவர் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. ஏழு கதவு, ஏழு பூட்டு, ஏழு சாவி. பூட்டுகளுக்குள் இருக்கும் பின்களை மாற்றி, இனி எல்லாம் ஒரே சாவிக்குத் திறக்க வேண்டும். அந்தச் சாவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும். குடும்ப ஜனநாயகம் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

“மாடி ரூம் பூட்டு மட்டும் அப்படியே இருக்கட்டுங்க. அங்கன பழைய துணிதான் கெடக்கு” என்று சொல்லிவிட்டு அவர் மனைவி கஸ்தூரியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

சொல்லாமல் போயிருந்தால் அந்த அறை அவர் நினைவுக்கே வந்திருக்காது.

“பழைய துணிக்கு எதுக்குப்பா பூட்டு? சின்னமனூர்ல கடை வச்சிருக்கிற அவ தம்பி மாசம் ரெண்டு தடவை வாரான். இங்கிருந்து என்னமோ போகுது!”

“அப்படிங்களாய்யா” என்றபடி சுருளியாண்டி துருப்பிடித்த திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டு, கருஞ்சிவப்பாக எதையோ ஊற்றினான். ஒரு டீ குடிப்பதற்குள் துரு கரைந்துவிட்டது.

“பலே! என்னப்பா மருந்து?”

“போன மாசம் அம்மா ஒரு பாட்டில் குடுத்தாக.”

நல்லகண்ணு காதில் வாங்கவில்லை. மனசு கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் இருந்தது. போன வருடம் சொந்தப் பக்குவத்தில் அவர் காய்ச்சிய பன்னீர் திராட்சை ஸ்குவாஷ், இருநூறு பாட்டிலும் மச்சினன் கடையில் பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. இந்த வருடம் இரண்டாயிரம் பாட்டில். ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் போடப் போகிறார். நாளைக் காலையில் அட்வான்ஸ்.

“மாடி ரூமைத் தொறப்பா.”

சுருளியாண்டி கம்பியை விட்டுத் திருகினான்.

உள்ளே பழைய சேலைகள்தான் கிடந்தன. நல்லகண்ணு ஒன்றை விலக்கினார். அடியில் வரிசை வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொரு லேபிளிலும் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

இங்கிருந்து எதுவும் போகவில்லை. மச்சினன் கடையிலிருந்துதான் எல்லாம் திரும்பி வந்திருக்கிறது.

“அட, இதாங்கய்யா அந்த மருந்து!” சுருளியாண்டியின் முகம் மலர்ந்தது.

நல்லகண்ணு சேலையை மறுபடி இழுத்து மூடினார். “இதுக்குப் பழைய சாவியே இருக்கட்டும்ப்பா. நாம இந்தக் கதவைத் தொறக்கவே இல்ல. தெரியுதா?”

இதையும் மூன்று முறை சொன்னார்.

கோயிலிலிருந்து வந்தவள் முதலில் மாடியைத்தான் பார்த்தாள். “அந்த ரூம் பூட்டு?”

“அது பழைய மாடலாம். மாத்த முடியாதாம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்புறம்... இந்த வருசம் திராட்சை சரியில்ல. ஸ்குவாஷ் போடல.”

“அய்யய்யோ! சின்னமனூர்ல தெனமும் கேக்குறாகளே!” என்றாள் கஸ்தூரியம்மாள், கண்ணைக்கூட இமைக்காமல்.