பொதுமக்கள் மூக்கு

“இதக் கொஞ்சம் மோந்து பாருங்கண்ணே” என்று தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தைக் கார்த்திகேசுவின் முகத்துக்கு நேராக நீட்டினார் சபாபதி.

கிள்ளானில் பல வருஷமாகத் தோசைக்கடை நடத்துகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? கார்த்திகேசு கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்தார். காலையில் அரைத்தது, மணமாகத்தானே இருக்கிறது என்றார். சபாபதி தலையாட்டிவிட்டு, கிண்ணத்தை ஒதுக்கி வைத்து, மிச்சத் தோசையைச் சாம்பாரில் தொட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

“உங்க மூக்குதாண்ணே நமக்கு வேணும்” என்றார், கை கழுவிக்கொண்டே.

சபாபதி அந்த வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். அவர் சொன்ன விஷயம் இதுதான். குழாய்த் தண்ணீரில் எவ்வளவு நாற்றம் இருக்கலாம் என்பதற்கு அரசாங்கத்தில் ஓர் அளவு உண்டு. இப்போது அதைத் தளர்த்தப் பார்க்கிறார்கள். சங்கம் ஆட்சேப மனு கொடுத்துவிட்டது. மனுவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாதாம். ஷா ஆலம் அலுவலகத்தில் பொதுமக்கள் ஐந்து பேரை உட்கார வைத்து, தண்ணீரை முகர்ந்து பார்க்கச் சொல்லப் போகிறார்கள். அந்த ஐந்து பேரை அழைத்து வரும் பொறுப்பு சபாபதிக்கு.

கார்த்திகேசுவுக்கு அங்கேதான் சிக்கல். கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு மல்லிகைப் பூவும் மீன் பாசாரும் ஒன்றுதான். கடையில் முகர்ந்து பார்ப்பதெல்லாம் வெறும் நடிப்பு. மனைவி தாமரை வீட்டில் இருக்கும் நாளில் ஒவ்வொரு பாத்திரத்தையும் அவளே பார்த்து அனுப்புவாள். அன்று பார்த்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சமைக்கிறவனுக்கு வாசனை தெரியாது என்று வெளியே தெரிந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உடம்பு சரியில்லை, கடைக்கு ஆள் இல்லை என்று தட்டிக் கழிக்கப் பார்த்தார். சபாபதி விடவில்லை. கொரோனா காலத்தில் வீடு வீடாக அரிசி சுமந்து வந்து, கதவுக்கு வெளியே நின்று, யாருக்கு என்ன செய்கிறது என்று விசாரித்துவிட்டுப் போன மனிதர் அவர். அவரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? குழாய்த் தண்ணீரில் பொங்கிய சோறு நாறுகிறது என்று தாமரை அழுததும் நினைவுக்கு வந்தது. சரி என்று சொல்லிவிட்டார்.

ஷா ஆலம் போகும் நாளில் சபாபதியே வேன் ஓட்டினார். பின் புளோக்கில் இருக்கும் அமுதவள்ளியும் இன்னும் மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். தூறல் போட்டும் சபாபதி ஏர்கோன் போடாமல், தன் பக்கத்து ஜன்னலை முழுதாக இறக்கிவிட்டு, சட்டை நனைய ஓட்டினார். காற்று வேண்டுமாம்.

அலுவலக வாசலில் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு அமுதவள்ளியின் பையைக் காட்டினான். திறந்தால் டுரியான் பழம். முந்தாநாள் வாங்கியது, பையிலேயே மறந்துவிட்டேன் என்று அவள் வெட்கப்பட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பை வெளியிலேயே தங்கிவிட்டது.

உள்ளே ஆளுக்கொரு பாரம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். முகரும் சக்தியில் குறை உண்டா என்று அதில் ஒரு கேள்வி. கார்த்திகேசுவின் பேனா அங்கே நின்றுவிட்டது. சபாபதி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் இல்லைன்னே டிக் பண்ணுங்கண்ணே. சும்மா பார்மாலிட்டிலா.”

கார்த்திகேசு டிக் செய்து கையெழுத்தும் போட்டார். எதை நீட்டினாலும் நாறுகிறது என்று சொல்லிவிடுவதுதான் அவர் போட்டு வைத்திருந்த திட்டம். அது பலிக்கவில்லை. முன்னால் மூன்று குவளைகளை வைத்தார்கள். இரண்டில் நல்ல தண்ணீர், ஒன்றில் புதிய அளவுக்கு நாற்றம் உள்ள தண்ணீர். அது எது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பக்கத்து ஆளைப் பார்த்துக் காட்டலாம் என்றால் இடையில் தடுப்புப் பலகை. தாமரையை நினைத்துக்கொண்டு நடுக் குவளையைத் தொட்டார். குவளைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். அவரும் குத்துமதிப்பாகத் தொட்டுக்கொண்டே போனார்.

கடைசியில் அதிகாரி முடிவைப் படித்தார். நல்ல தண்ணீரையும் மற்றதையும் பொதுமக்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே புதிய அளவுக்குப் பொதுமக்களிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று பதிவாகிறது. சங்கத்தின் மனுவும் அத்தோடு தள்ளுபடி.

இனி வீட்டுக்கு வீடு அந்தத் தண்ணீர்தான் வரும். கடையைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லி, அத்தனை குடும்பத்துக்கும் துரோகம் செய்துவிட்டோமே என்று கார்த்திகேசுவுக்கு நெஞ்சு எரிந்தது.

வெளியே சபாபதி அதிகாரியோடு கைகுலுக்கிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தனியாக வரும்வரை காத்திருந்து, கார்த்திகேசு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

“சபா, எனக்கு வாசனையே தெரியாது. கொரோனாவுல போனது போனதுதான். பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா. இப்பவே உள்ள போயி உண்மையச் சொல்லிடுறேன். கடை போனாப் போவட்டும். என்னை விட்டுட்டு, நல்லா மூக்கு வேல செய்யுற ஆள வச்சு மறுபடி பார்க்கச் சொல்லு.”

சபாபதி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வேன் கதவைத் திறந்தார்.

“உங்களுக்கு மட்டும் இல்லண்ணே, அஞ்சு பேருக்குமே தெரியாது. தேடிப் புடிச்சுத்தானே கூட்டியாந்தேன்.”