யார் கொடுத்த நரம்பு?

“அடைச்சுப்போன ரத்தக்குழாய்க்குப் பதிலா கால் நரம்பை எடுத்து என் நெஞ்சில தைக்கணுமாம். உங்க ரெண்டு பேர்ல யாரு குடுக்கிறீங்க?” என்று அப்பா சபாபதி கேட்டதிலிருந்து, பிள்ளையார்பாளையத்து வீட்டில் அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை.

“தறி மிதிக்கிற கால்பா இது” என்று மூத்தவன் வீரபாகு அன்றே நழுவிக்கொண்டான்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். “தைச்ச குழாயில ரத்த ஓட்டத்தை மெஷின் வெச்சு அளந்தோம். முதல்ல சரியா ஓடல. பிரிச்சு மறுபடி தைச்சோம். இப்ப நல்லா ஓடுது. பிழைச்சுட்டார்.”

“குடிகாரன் நரம்பு, எப்படி ஓடும்?” என்று வீரபாகு பொருமினான். தம்பி தணிகாசலம் காலையிலிருந்து கண்ணில் படாததால், அவன்தான் நரம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே படுத்திருக்கிறான் என்று எண்ணியிருந்தான்.

அந்தத் தணிகாசலமே படியேறி வந்தான். “நீ இங்கயா நின்னுக்கினு இருக்கிற? அப்ப நீ நரம்பு குடுக்கலையா?”

“பாவி, நீயும் குடுக்கலையா?” வீரபாகு அவன் சட்டையைப் பிடித்தான்.

டாக்டர் திகைத்தார். “யாரும் குடுக்க வேணாமே. அவர் கால்ல இருந்துதான் எடுத்தோம். ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச அன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேனே.”

வீரபாகுவின் பிடி தளர்ந்தது. அப்பா அவர்களிடம் நரம்பு கேட்டது அதற்கு மறுநாள்.