முதல் ஃபோல்டர்

“டிராயரைக் காலி பண்ணு. கம்பெனிப் பேனா ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது” என்றார் மேனேஜர்.

அவள் காலி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கூடு, தைலப் புட்டி, சாப்பாட்டு டப்பா. பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற அந்த அறையில் பன்னிரண்டு வருஷம் முதுகொடிந்ததற்கு மிச்சம் அவ்வளவுதான். வீட்டில் கல் குவாரியில் இடுப்பொடிந்த புருஷன் கிடக்கிறான். அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்.

மற்ற நாலு பேரும் திரையைப் பார்க்கிற சாக்கில் இவளைப் பார்த்தார்கள்.

“எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துல பழைய பாடத்தை ஏத்திவிட்டது யாரு? நீதானே?”

“நான் ஏத்தலை சார். அது உங்க ஃபோல்டர்லேர்ந்து வந்துச்சு.”

“வாயைப் பாரு, வாயை.”

வாயில் பொய்யில்லை. பக்கம் அமைக்கிற அந்த மென்பொருள் ஒரு குருட்டு வேலைக்காரன். ஒரு ஃபைலின் பேரைச் சொன்னால், பாதைப் பட்டியலில் எழுதியிருக்கிற ஃபோல்டர்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். முதலில் எங்கே அந்தப் பேர் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அடுத்த கதவுக்குப் போகாது. பழசா புதுசா என்றும் கேட்காது.

மேனேஜர் ஆன முதல் நாளே அவர் பட்டியலைப் பார்த்தார். அவர் ஃபோல்டர் கடைசி வரியில் இருந்தது. “மேனேஜருக்குக் கடைசி இடமா? மரியாதை தெரியாத கழுதைங்களா!” என்று தன் கையாலேயே அதை முதல் வரிக்கு ஏற்றினார்.

“வேணாம் சார். உங்க ஃபோல்டர்ல பழைய குப்பையெல்லாம் கிடக்கு. ஒரே பேர்ல ரெண்டு இருந்தா உங்களுதைத்தான் எடுக்கும்” என்று இவள் அப்போதே சொன்னாள். அன்றிலிருந்து அவருக்கு இவள் கண்ணில் விழுந்த தூசி.

அறையில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பேர். பக்கத்தைப் படிக்க மாட்டார், அளப்பார். ஓரம் சரியாக இருந்தால் போதும். மாடியில் இருக்கிற முதலாளி அப்படியே நேரெதிர். கரண்ட் பில்லில்கூடச் சிவப்புப் பென்சிலால் பிழை திருத்திவிட்டுத்தான் கட்டுவார்.

“இந்தப் பிரிவுல ஒரு ஆள் அதிகம். யாருன்னு எழுதிக் கொண்டா” என்று போன வாரம் முதலாளி சொன்னார். மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இன்று காலை இவளுடைய பாஸ்வேர்டை முடக்கிவிட்டு, வேலைநீக்கக் கடிதத்தைத் தானே தயாரித்தார். ஆபீஸ் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அதே மென்பொருளில் ஒரே படிவம். ஆளின் பேரும் பதவியும் மட்டும் ‘ஊழியர்’ என்கிற தனி ஃபைலிலிருந்து வந்து உட்காரும். தன் பதவி உயர்வுக் கடிதத்தையும் அவர் இப்படித்தான் தானே அடித்துக்கொண்டார். ஆபீஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைலில் இவள் பேரைப் போட்டார். அச்சாகி வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தார். இம்மி பிசகவில்லை. மாடிக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது கையெழுத்தோடு உறை இறங்கி வந்திருந்தது.

“எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீயே படி.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தாள். மூன்றாவது வரியில் ஒரு காற்புள்ளி சிவப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

“பெறுநர்...” நிறுத்திவிட்டாள்.

“என்ன, தொண்டை அடைக்குதா? படி!”

படித்தாள். முதலில் வந்தது மேனேஜரின் பேர், இனிஷியலோடு. “...மேலாளர், பக்க அமைப்புப் பிரிவு. தொடர்ந்த கவனக்குறைவு காரணமாக, இன்று மாலையுடன் தாங்கள் வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.”

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சார், ஓரம் சரியா இருக்கா?”

ஆளுக்கு ஆள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் தாளைப் பிடுங்கினார். “நீதான்டி ஏதோ பண்ணியிருக்கே!”

“என் பாஸ்வேர்டைத்தான் காலையிலேயே முடக்கிட்டீங்களே சார். பட்டியலும் நீங்க வச்சதுதான். ‘ஊழியர்’னு உங்க ஃபோல்டர்லயும் ஒண்ணு கிடக்கு, உங்க பதவி உயர்வுக் கடிதத்துக்குப் போட்டது. முதல்ல உங்க கதவைத் தட்டியிருக்கு, நீங்களே வந்துட்டீங்க.”

“சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. அந்த ஃபைலை அழிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல புதுசா எடுக்கறேன். நீயும் மேல வா. கையோட வாங்கிட்டு அப்படியே கிளம்பு.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் சொன்னது நிஜம்தான், அஞ்சு நிமிஷ வேலை. அவள் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி அவர் பின்னாலேயே படியேறினாள்.

முதலாளி குனிந்து ஏதோ பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, சின்னத் தப்பு நடந்துபோச்சு” என்று மேனேஜர் இளித்தார். “ஃபைல் மாறி, இவ பேர் வரவேண்டிய இடத்துல என் பேர் விழுந்துடுச்சு. நீங்களும் அவசரத்துல கவனிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்க போல.”

முதலாளி சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார்.

“படிச்சுட்டுத்தான்யா போட்டேன்.”